சொல்லிக்கொண்டு கிளம்பிய டாக்டரம்மா

அரூர் கடைவீதியில் பிரசவ ஆஸ்பத்திரி நடத்திய டாக்டர் ஜானகியம்மாள், 1983ஆம் வருஷம் தை மாதம் தொடங்கி, எந்த ஊரில் என்ன வேலையாக இருந்தாலும், விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சூசைக்கொட்டாய் இன்னாசியம்மாளின் வீட்டு வாசலில் வந்து நின்றார். பாப்பிரெட்டிப்பட்டி ரோட்டிலிருந்து மண் பாதையில் உள்ளே போகவேண்டிய ஊர் அது. அந்த வருஷம் மழை பிந்தியது, மரவள்ளிக் கிழங்கு விலை சரிந்தது, டாக்டரம்மா தினமும் வந்தார். சனங்கள் மூன்றையும் ஒரே மூச்சில்தான் சொன்னார்கள்.

கூப்பிட்டபோது வந்திருந்தால் இந்த அலைச்சல் அவருக்கு மிச்சம். இன்னாசியம்மாளின் தங்கை வேளாங்கண்ணிக்கு அந்த ஆஸ்பத்திரியில்தான் தலைப்பிரசவம். பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டு, பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்த ஜவுளிக்கடைக்குக் குத்துவிளக்கு ஏற்றப் போய்விட்டார். அப்புறம்தான் ரத்தம் நிற்காமல் போக ஆரம்பித்தது. நர்ஸ் ஓடிப்போய்க் கூப்பிட்டாள். "இதோ வர்றேன்னு சொல்லு" என்றார். மறுபடி ஓடினாள். ஒரு பட்டுச்சேலையின் ஜரிகையைத் தடவிக்கொண்டே, "அதான் வர்றேன்னு சொன்னேன் இல்ல?" என்றார். கடைசியில் இன்னாசியம்மாளே செருப்பில்லாமல் ஓடி, பன்னீர் தெளிக்கிற வாசலில் நின்று கத்தினாள்: "என் தங்கச்சி போயிருவா, வாங்கம்மா!" அம்மணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். கையிலிருந்த கேசரியைச் சாப்பிட்டு முடிக்கவேண்டாமா? இன்னாசியம்மாள் திரும்பி ஓடினாள். "அவங்க வராங்களாக்கா?" என்றாள் வேளாங்கண்ணி. "வராங்க கண்ணு" என்று அக்கா சொன்ன பொய்தான் அவள் காதில் கடைசியாக விழுந்தது.

மனு கொடுத்தார்கள். பெரிய மனிதர்கள் ஜீப்பில் வந்தார்கள், டாக்டரம்மா வீட்டில் கோழிக்குழம்பு சாப்பிட்டார்கள், செத்தவளுக்கு உடம்பில் ரத்தம் கம்மி என்று எழுதிவிட்டுப் போனார்கள். கம்மியாகத்தானே இருக்கும்! அது கட்டிலுக்கு அடியில் வாளியில் அல்லவா கிடந்தது. த்தூ, இதற்குப் படிப்பு வேறு. இன்னாசியம்மாள் யாரையும் ஜெயிலில் போடச் சொல்லவில்லை. 'கூப்பிட்டாங்க, நான் வரலை' என்று அந்தம்மா தன் வாயால் ஒரு தடவை சொல்லவேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

பேர் கெடாமல் இருக்க ஒரு நடை போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வாருங்கள் என்று டாக்டரம்மாவுக்கு யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். காரில் வந்து இறங்கினார். இழவு வீட்டுக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு போன ஆள் இந்த ஜில்லாவிலேயே அவர் ஒருத்தராகத்தான் இருப்பார். செத்தவள் எழுந்து கலக்கிக் குடிக்கவா? கொஞ்ச நேரம் விதி என்றார், ரத்தம் கம்மி என்றார். பிறகு எழுந்து கைகூப்பி, "அப்ப நான் போயிட்டு வர்றேங்க" என்றார்.

உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புகிற வழக்கம் எங்கேயாவது உண்டா? இந்துவோ வேதக்காரரோ, பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். இன்னாசியம்மாள் மட்டும் தலையைத் தூக்கி, "சொல்லிட்டீங்க இல்ல? வாங்க" என்றாள்.

மறுநாள் சேலம் கிளம்பிய டாக்டரம்மாவின் கார், மஞ்சவாடி கணவாயைத் தாண்டியதும் சூசைக்கொட்டாயில் ஆட்டுப்பட்டி முன்னால் நின்றது. டிரைவரை மாற்றினார். பிறகு காரை மாற்றினார். மெட்ராஸ் ரயிலில் ஏறிப் பார்த்தார். கால் வைத்து இறங்கிய இடம் இன்னாசியம்மாளின் தக்காளித் தோட்டம். வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு கிடந்தார். குளித்துவிட்டுக் கதவைத் திறந்தால், ஈரத் தலையோடு இந்த வாசல். தன்னைக் கடத்துகிறார்கள் என்று போலீசில் புகார் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் அவர் வீட்டுக்கே போய்ப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். அவரும் நாற்காலியோடு இந்த வாசலுக்கு வந்து சேர்ந்தார். ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கேஸ் ஒன்றும் இல்லை என்று பஸ் ஏறிப் போனார். அந்த நாற்காலியை இன்னாசியம்மாள் தனக்கு வைத்துக்கொண்டாள். டாக்டரம்மாவுக்கு ஆட்டுப்பட்டி ஓரமாக ஒரு முக்காலி. வருவதுதான் தானாக நடந்தது. திரும்பிப் போக ரோடு வரைக்கும் நடந்துபோய் பஸ்ஸுக்கு நிற்கவேண்டும்.

"எனக்கு எவ்ளோ வேலை கிடக்கு தெரியுமா?" என்பார்.

"உக்காருங்க. இப்பதான வந்தீங்க" என்பாள் இன்னாசியம்மாள். "நாங்க கூப்பிட்டமா இல்லீங்களா?"

"அவளுக்கு ரத்தம் கம்மிம்மா."

"சரிங்க. நாளைக்கு வாங்க."

இப்படியே வருஷங்கள் ஓடின. காய்ச்சல் என்றுகூட அந்த ஊரில் யாரும் அவரிடம் கை நீட்டவில்லை. இருமிக்கொண்டே அவரைத் தாண்டி அரூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வேளாங்கண்ணியின் புருஷன் சவரிராயன் ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். குழந்தை ரோசம்மா பெரியம்மாவிடம் வளர்ந்தாள். அந்த முக்காலியைப் பிடித்துத்தான் எழுந்து நின்றாள், அதைச் சுற்றித்தான் நடை பழகினாள்.

பால்பல் விழுந்த வயதில் ஒரு சாயங்காலம், ரோசம்மா வீட்டுப்பாடத்தை மூடி வைத்துவிட்டு டாக்டரம்மாவின் எதிரில் போய் நின்றாள். "எங்கம்மா கூப்பிட்டப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

டாக்டரம்மா வாயைத் திறந்தார். ரத்தம் கம்மி என்ற சொல்லைத் தேடினார், வரவில்லை. குழந்தையின் முகத்தில் அவ்வளவும் வேளாங்கண்ணி. "துணிக்கடையில இருந்தேன்" என்றார். "கூப்பிட்டாங்க. நான் வரலை."

இன்னாசியம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். இவ்வளவு சின்னதா இது? இதைச் சொல்லவா இத்தனை வருஷம்? அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எந்திரிச்சுப் போங்க. சொல்லிக்காம போங்க" என்றாள்.

டாக்டரம்மா முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு எழுந்தார். ஆட்டுப்பட்டியைத் தாண்டினார். வேலிப் படலில் கை வைத்தபோது பின்னாலிருந்து ரோசம்மா கத்தினாள்: "டாக்டரம்மா, போயிட்டு வாங்க!"

"அடிப்பாவி!" என்றாள் இன்னாசியம்மாள். "அதான் முடிஞ்சிதே, எதுக்குடி கூப்பிட்ட?"

"அம்மா கூப்பிட்டு வரலதான பெரீம்மா? நான் கூப்பிட்டா வரட்டும்."

மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்துக்கு டாக்டரம்மா வந்தார். இன்னாசியம்மாள் முக்காலியைத் துடைத்துப் போட்டாள். அந்த வாரம் தக்காளி விலை கொஞ்சம் ஏறியிருந்தது.