மழை வேண்டாத சித்திரை

ராஜாம்பாளின் பீங்கான் பட்டறையில் சூளையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பானுமதிக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. விரல் நீளக் குப்பி ஒன்றை எடுத்துத் தண்ணீர் ஊற்றினாள். மெருகு பூசாத அதன் உடம்பெங்கும் வியர்வை போல ஈரம் அரும்பியது. இதைக் குழாயின் நுனியில் பொருத்திப் புதைத்தால், காய்ந்த மண் எவ்வளவு வேகமாகத் தண்ணீரை இழுக்கிறது என்று தெரிந்துவிடும்.

"சரியா வந்துருக்குதா?" என்றாள் ராஜாம்பாள்.

"வந்துருக்குதுக்கா. இனிமே மழ மட்டும் வராம இருந்தா போதும்."

"மழ வாணாம்னு சொல்ற மொத ஆளு நீதாம்மா."

திட்டக்குடியைத் தாண்டி, மங்களூர் பக்கத்து முள்காடு கோடையை எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று ஆராய இரண்டு வருடமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள் பானுமதி. ஜீப், ஆட்கள், அனுமதி, எந்தப் புதரடியில் எந்தக் கருவி என்பதுவரை முடிவாகியிருந்தது. திங்கட்கிழமை குழு வந்து இறங்கும். சித்திரை முழுக்க மண் காய்ந்தே கிடக்க வேண்டும். ஆனியோடு அவளுடைய ஆராய்ச்சி வேலைக்கான ஒப்பந்தம் முடிகிறது. அடுத்த கோடை அவளுக்கு இல்லை.

செல்போன் அடித்தது. மங்களூரிலிருந்து அண்ணன் சாமிதுரை.

"பானு, மேக்க கருக்கலா ஏறிகிட்டு வருது. ஒரு ஒழவு மழ பேஞ்சா போதும், எள்ளு பொழச்சிக்கும்."

"வராதுண்ணே," என்றாள் வெடுக்கென்று.

"வரக் கூடாதுன்னு நெனைக்கிறியா?"

போனை வைத்துவிட்டாள். குப்பிகளை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தாள். வழியெல்லாம் ஜன்னலில் தலையை நீட்டி வானத்தையே பார்த்தாள். போன வருடம் விளைச்சல் பொய்த்து, அண்ணி கமலம் கூலிக்கு முந்திரி உடைக்கப் போனது நினைவுக்கு வந்தது. அப்படியும் மனசு, வராதே வராதே என்றுதான் அடித்துக்கொண்டது. பெண்ணாடம் தாண்டியதும் முதல் துளி கன்னத்தில் விழுந்தது.

மங்களூரில் இறங்கியபோது தெருவெல்லாம் செம்மண் தண்ணீர் ஓடியது. கடையோரம் ஒதுங்கி நின்று, குழுவை நடத்தும் பேராசிரியருக்குப் போன் செய்தாள். "அதனாலென்னம்மா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றார் அவர்.

அண்ணனின் எள்ளுக் கொல்லைக்கு நடந்தாள். சாமிதுரை எள்ளுக்கு நடுவே நனைந்தபடி கமலத்திடம் ஏதோ சொல்லி உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தான். பெட்டியோடு வருகிற தங்கையைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"சும்மா தூத்தல்தாம்மா," என்றான், கணுக்கால்வரை சேற்றில் நின்றுகொண்டு. "விடிஞ்சா காஞ்சிடும்."

சொல்லும்போதே உதட்டோரம் சிரிப்பு திரும்ப வந்துவிட்டது. அதை மறைக்கத் துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைக்கத் துடைக்க, மழை அந்த முகத்தை நனைத்துக்கொண்டே இருந்தது.