கியரில் நின்ற எஞ்சின்

1

"மாமா, அவரு எஞ்சின் செஞ்சிருக்காரா?"

கேட்டது என் அக்கா மகள், ஆறு வயது. பழைய கார் எஞ்சின்களுக்கு விலை மதிக்கும் ஒருவரைப் பார்த்துக் கேட்டாள்.

"இல்லம்மா."

"ரிப்பேராவது பண்ணியிருக்காரா?"

"இல்ல."

"அப்ப வெறும் வாய்தானா?"

இந்தக் கதை பிறந்தது இப்படித்தான். அந்த மனிதரைக் கேலி செய்யவே எழுத உட்கார்ந்தேன். இறைவன் மன்னிப்பானாக, சுகமாக இருந்தது.

2

'காலத்தின் துரு படிந்த அந்த எஞ்சின்...' (வேண்டாம். துருவைக் கண்டதும் காலத்தை இழுக்காத எழுத்தாளன் இன்னும் பிறக்கவில்லை.)

மறுபடி: அறுபது வருடப் பழைய கார். உடம்பு மக்கிவிட்டது, விலை எஞ்சினுக்குத்தான். கணவரை இழந்த ஓர் அம்மாள் அதை விற்கிறார். மகளின் கடைசி வருடப் படிப்பு அந்த விலையை நம்பி நிற்கிறது. வாங்க வந்தவர் மதிப்பீட்டாளரைக் கையோடு கூட்டி வந்திருக்கிறார். அவருக்குப் பட்டப்பெயர் ஸ்டெதாஸ்கோப். ஸ்க்ரூடிரைவரை எஞ்சினில் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்பார். ஓடாத எஞ்சினிலும் கேட்பார்! (என்ன கேட்கும் என்று என்னைக் கேட்காதீர்கள்.)

பிறகு ஸ்பானரைப் போட்டு எஞ்சினைச் சுற்றப் பார்த்தார். முக்கினார். அசையவில்லை.

"உள்ள இறுகிப் பிடிச்சுப் போச்சு. இரும்பு எடைக்குத்தாம்மா போகும்."

"போன மாசம் என் தம்பி ஸ்டார்ட் பண்ணானேண்ணே."

"உங்ககிட்ட சொல்லிட்டா சாகும்?"

வாங்க வந்தவர் சிரித்தார்.

3

கைபிரேக் பிடிக்காத கார் அது. கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைப்பதே அந்த வீட்டு வழக்கம். கியரில் இருந்தால் எஞ்சின் சக்கரத்தோடு பூட்டிக்கொள்ளும்; சக்கரம் உருளாமல் அதுவும் சுற்றாது. கியரில் கிடக்கும் எஞ்சினை முக்கிவிட்டு, செத்ததென்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறார் மேதை. முப்பது வருட அனுபவம்!

அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. இங்கே அவர் உரக்கச் சொல்ல வேண்டும்; மேதையின் மானம் கப்பலேற வேண்டும். வசனம்கூடத் தயார்: "ஏண்ணே, காதுல கேக்கறதுக்கு முன்னாடி கண்ணால..."

அம்மாள் அதைப் பேச மறுத்துவிட்டார். துணி எடுக்கும் சாக்கில் காருக்குள் குனிந்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார்.

"நின்ன வண்டி, இறுகியிருக்கும். இன்னொரு தடவ பாருங்கண்ணே."

சுற்றியது. மதிப்பீட்டாளர் கியரைப் பார்த்தார். தலைகுனிந்து ஸ்பானரைத் துடைத்தார்.

வாசலில் வாங்க வந்தவர் அவர் தோளைத் தட்டினார்: "எடை விலையே எழுதிக் குடுங்க சார். அந்தம்மாவுக்கு என்ன தெரியும்?"

4

முடிவு ஒன்று: மதிப்பீட்டாளர் திருந்திக் கண்ணீர் விடுகிறார். (சீ!)

முடிவு இரண்டு: சொன்னபடி எழுதுகிறார். 'உலகம் அப்படித்தான்' என்று நீங்கள் சொகுசாகத் தலையாட்டலாம்.

மூன்றாவதற்குச் சாட்சி கிடையாது. நம்புவது உங்கள் பாடு. தன் அறையில் தனியே உட்கார்ந்து, 'ஓடும் நிலை, முழு விலை' என்று எழுதினார். அடியில் ஒரு வரி சேர்த்தார்: 'முதலில் சுற்றாதது என் தவறு. கியரைப் பார்க்கவில்லை.' கையெழுத்திட்டார். பிரதி ஒன்றை அந்த அம்மாளின் கதவிடுக்கில் செருகிவிட்டு, மணி அடிக்காமல் திரும்பிப் போனார்.