கணக்கில் சேராத குண்டு

சுடுபயிற்சித் திடலில் டாயில் அந்தக் காகிதத்தைப் பர்ஸிலிருந்து எடுத்த பவ்யத்தைப் பார்த்தால் பேரக்குழந்தையின் படம் என்று நினைப்பீர்கள். நூறு கஜத்தில் அவன் சுட்ட இலக்கு அது. மூன்று ஓட்டைகளையும் ஒரு நாணயத்தால் மூடிவிடலாம். சுற்றிலும் சிவப்பு மையில் வட்டம் வேறு.

காகிதத்தின் ஓரம் கத்தரிக்கப்பட்டிருந்தது. ஹார்லன் ஷெரிடன் ஊரில் துப்பாக்கிக் கடை வைத்திருப்பவன். எதை நீட்டினாலும் வெட்டிய ஓரம்தான் அவன் கண்ணில் முதலில் படும்.

"எத்தனை சுட்ட, மாப்ளே?"

"அஞ்சு."

"மீதி ரெண்டு?"

"அது பறவை, மச்சான்."

ஒதுங்கிப்போன குண்டுக்கு அங்கே அதுதான் பெயர். பறவை என்று சொல்லிவிட்டால் போதும், குண்டுக்கும் சுட்டவனுக்கும் உறவே அறுந்துவிடும். கடையில் தினமும் கேட்டுப் புளித்த வார்த்தைதான். ஆனால் தங்கை புருஷன் வாயில் கேட்டபோது ஹார்லனுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் டாயில் சுடப்போவது காகிதத்தை அல்ல. வருடக்கணக்காகக் குலுக்கலில் விழாத எல்க் மான் வேட்டை அனுமதிச் சீட்டு இந்த முறை அவனுக்கு விழுந்திருந்தது. கூடப் போகும்படி தங்கை ஹார்லனிடம் கேட்டிருந்தாள்.

டாயிலின் பெரிய மேக்னம் துப்பாக்கியை வாங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு, வெடித்துப்போன தோட்டாவின் வெறுங்கூட்டை உள்ளே தள்ளி ஹார்லன் திருப்பிக் கொடுத்தான். டாயில் குறிபார்த்தான், மூச்சை அடக்கினான், விசையை இழுத்தான். டிக். வெடி இல்லை. ஆனால் அவன் கண்கள் இறுக மூடிக்கொண்டன, தோள் முன்னே பாய்ந்தது, குழல் முனை தரையைப் பார்த்துக் கும்பிட்டது. பக்கத்து மேசைக்காரர் குடித்த காப்பியைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு மாப்ளே. உதைக்குமேன்னு பயந்து நீதான் அதை அமுக்குற. என்னோட சின்னதை எடுத்துக்க. கிட்டப் போய்ச் சுடலாம்."

"வெறுங்கூட்டைப் போட்டு மானத்தை வாங்குறியே, நீயெல்லாம் மச்சானா? எழுநூறு கஜத்துக்குன்னே செஞ்சது இது. நடக்கிறதுக்கா விரல் நீளத் தோட்டா வாங்கினேன்?"

மறுநாள் காலை, எழுநூறு கஜம் தள்ளி எதிர்ச் சரிவில் மான் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. ஓடைப் பள்ளம் வழியாகப் போனால் பாதிக்கு மேல் தூரம் குறையும், காற்றும் சாதகம் என்று ஹார்லன் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே டாயிலின் துப்பாக்கி வெடித்துக் காது அடைத்தது.

தொலைநோக்கியில் ஒரு கிடா முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாகப் பைன் மரங்களுக்குள் போனது. அந்தக் கூனலுக்கு ஒரே அர்த்தம்தான். வயிறு.

டாயில் அதற்குள் அடுத்த தோட்டாவைத் தள்ளிவிட்டான். "பறவை, மச்சான். படவே இல்ல. அங்க பாரு, இன்னும் பெரியவன் நிக்கிறான்."

"பட்டுச்சு."

"யாரு பார்த்தா? மான் விழுந்தாத்தானே சீட்டைக் கிழிக்கணும்? இன்னும் கிழிக்கலையே."

கை தவறி உடைத்த கண்ணாடியைக் காலால் அலமாரிக்கு அடியில் தள்ளுகிற வாடிக்கையாளர்களை ஹார்லன் பார்த்திருக்கிறான். அவர்களுக்குக்கூட முகம் சிவக்கும். இவன் முகம் பூஜை முடித்தவன் முகம்போல இருந்தது. ஹார்லன் எட்டி, இல்லாவிட்டால் சுடவே முடியாத போல்ட்டைத் துப்பாக்கியிலிருந்து உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"உன் தங்கச்சிகிட்ட சொல்றேன் இதை!"

"சொல்லு. மீதியை நான் சொல்றேன்."

வயிற்றில் பட்ட மானை உடனே துரத்தினால் மலை தாண்டிவிடும். மதியம்வரை காத்திருந்தார்கள். அங்கே ஒரு உயிர் வெந்துகொண்டிருக்க, இங்கே டாயில் பன்றிக்கறி ரொட்டி இரண்டைத் தின்று, கடுகு விழுது போதவில்லை என்று குறைபட்டான்.

பனியில் ரத்தத்தோடு பச்சையாகச் சாணிக் குழம்பும் சொட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனார்கள். கிடா ஒரு மரத்தடியில் படுத்திருந்தது. தலை மட்டும் நிமிர்ந்து அவர்களையே பார்த்தது. எழவில்லை. சீட்டு டாயில் பெயரில் இருந்ததால் ஹார்லன் தன் சின்னத் துப்பாக்கியை அவன் கையில் திணித்தான். முப்பது கஜம்கூட இல்லை. உதைக்காத துப்பாக்கி என்பதால் டாயில் கண்ணை மூடவில்லை. தலை சாய்ந்தது.

சீட்டைக் கிழித்த கையோடு டாயில் தன் மேக்னத்தைக் கொம்பின் குறுக்கே சாத்திவிட்டு மண்டி போட்டான். "படம் எடு மச்சான். கீழ 'எழுநூறு கஜம்'னு போட்டு உன் கடையில மாட்டு. உனக்கும் நாலு துப்பாக்கி போகும்ல?"

போகும். அதுதான் ஹார்லனுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. கத்தியை நீட்டினான். "மொதல்ல வயித்தைக் கிழி."

"அதை நீ செய்வேன்னுல்ல நெனச்சேன்!"

"உன் குண்டு எங்க போச்சுன்னு நீயே பாரு."

கிழித்ததும் ஆறு மணி நேரமாக உள்ளே ஊறிய நாற்றம் எழுந்து வந்தது. குடல் பிய்ந்து, அரைத்த புல்லும் பித்தமும் தொடைக்கறிவரை பரவியிருந்தது. டாயில் முழங்கைவரை விட்டு அள்ளினான். ரொட்டி இரண்டும் பனிமேல் வந்து விழுந்தன. மறுபடி அள்ளினான்.

பனியில் கிடந்த அவன் போன் அடித்தது. ஹார்லன் எடுத்து, "நான்தான்" என்றான். தங்கையின் குரல்.

"கிடைச்சுதா அண்ணே? எவ்ளோ தூரம்?"

ஹார்லன் போனை டாயில் வாயருகே பிடித்தான். டாயில் நிமிர்ந்தான். மோவாயில் வாந்தி, கையில் பச்சைக் குழம்பு.

"எழுநூறு, செல்லம்! ஒரே குண்டு!"

ஹார்லன் போனை அந்தக் குடல் குவியலின் மேல் மெதுவாக வைத்துவிட்டு, சற்றுத் தள்ளிப் போய், சுத்தமான பனியில் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.