லாபிஸின் ஞாயிற்றுக்கிழமைகள்

லோஷினி அந்த வார்த்தையைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஜேபி என்று எல்லாரும் சொல்லும் ஜொகூர் பாருவில், தலைமை அலுவலகத்தின் ஏப்ரல் மாதக் கூட்டம். சுவரில் அவள் தயாரித்த அறிக்கை விரிந்திருந்தது. அட்டைப்பெட்டி செய்யும் அந்த நிறுவனத்துக்கு ஜேபியில் ஒன்று, உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூரான லாபிஸில் ஒன்று என இரண்டு தொழிற்சாலைகள். ஜேபியின் வருகை நூற்றுக்குத் தொண்ணூற்றேழு, கட்டம் பச்சை. லாபிஸின் வருகை எழுபத்தெட்டு, கட்டம் சிவப்பு. வருடம் பிறந்ததிலிருந்தே சிவப்புதான்.

நிர்வாக மேலாளர் குணாளன் பேனாவை நீட்டி அந்தச் சிவப்பைக் காட்டினார்.

“லோஷினி, நீங்க லாபிஸ்தானே? உங்க ஊர்ல என்ன, எல்லாருக்கும் ஒண்ணா காய்ச்சல் வந்துருச்சா?”

“காய்ச்சல் இல்ல சார், தோட்டத்துப் பழக்கம் லா. ஒரு கல்யாணம்னா ஒரு வாரம் லீவு, மழை பேஞ்சா அதுக்கு ஒரு லீவு.”

மேசை முழுவதும் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். அவளுடைய அப்பா லாபிஸ் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டியவர், மழையிலும் வெட்டியவர். அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வரவில்லை. தானும் ஜேபிக்காரிதான் என்ற நினைப்பு மட்டும் இதமாக இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் குணாளன் சொன்னார்: “அப்போ வாசுகியை அங்க மேனேஜர் ஆக்குறது சரிவராது. ஆளுங்கள வேலைக்கு வரவைக்கவே முடியலையே. இங்கேருந்து தீபனை அனுப்பலாம். வியாழக்கிழமை பாஸ்கிட்ட பேரைக் குடுத்துடுறேன்.”

லோஷினிக்குச் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோயிற்று. லாபிஸில் பெட்டி மடிக்கும் வேலையில் சேர்ந்து சூப்பர்வைசர் ஆனவள் வாசுகி. ஜேபி அலுவலகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று இவளுக்குச் சொல்லி அனுப்பியதே அவள்தான். ஆனாலும் எண் இருக்கிறது, எண்ணை மீறி என்ன சொல்வது?

மறுநாள் மாலை வாசுகியே கூப்பிட்டாள். கோபமாகப் பேசுவாள் என்று எதிர்பார்த்துத்தான் லோஷினி போனை எடுத்தாள்.

“லோஷினி, சாப்பிட்டியா? ஒரு உதவி வேணும்மா. யாரு யாரு எந்த எந்த நாள் வரலைன்னு எடுத்துத் தர முடியுமா? எனக்கு வெறும் விழுக்காடுதான் வருது. நேத்து எல்லாரையும் நிக்க வெச்சு நல்லா ஏசிட்டேன். கமலநாதன் இருக்காருல்ல, மெஷின்ல நிக்கிறவரு, அவருக்குக்கூட எண்பதுன்னு போட்டிருக்கு. ‘நான் லீவே போடலம்மா’ன்னு சொன்னாரு. வயசானவரு. ‘கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா, லோஷினி செஞ்ச கணக்கு’ன்னு அவரு வாயை அடைச்சிட்டேன்.”

“எடுத்துத் தரேன்க்கா,” என்றாள் லோஷினி.

அறிக்கையைத் திறந்தாள். அதன் அடியில் மூன்று அட்டவணைகள் இருந்தன. யார் எந்தத் தேதியில் கார்டு தட்டினார்கள் என்பது வருகை அட்டவணை. வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி வைத்தது நாட்காட்டி. எந்தத் தொழிற்சாலைக்கு எந்தக் கிழமை ஓய்வு என்பது மூன்றாவது. இவற்றுக்கு நடுவே அவள் இழுத்த கோடுகள்தான் உறவுகள். தேதியைத் தேதியோடும், கிளையைக் கிளையோடும் அவை சேர்த்தன. அந்தக் கோடுகளின் வழியே போய், வேலை நாட்கள் எத்தனை, அவற்றில் வந்த நாட்கள் எத்தனை என்று எண்ணி வகுப்பது அவள் எழுதிய மெஷர். மெஷர் எங்கும் எழுதிவைத்த விடை கிடையாது. யாராவது அறிக்கையைத் திறக்கும்போதெல்லாம் அது புதிதாகக் கணக்குப் போடும்.

அவள் கமலநாதனின் பெயரைத் தேர்ந்து, கிழமைகளைக் குறுக்கே இழுத்துவைத்தாள். திங்கள் முதல் வியாழன் வரை நிறைந்திருந்தது. ஞாயிறு வெறுமை. அடுத்த பெயரைப் போட்டாள். ஞாயிறு வெறுமை. எல்லாப் பெயரையும் ஒன்றாகப் போட்டாள். லாபிஸில் ஒருவர்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரவில்லை.

“அலமாக், போச்சு,” என்றாள் வாய்விட்டு.

ஜொகூர் மாநிலம் முழுவதும் வார ஓய்வு வெள்ளியும் சனியுமாக இருந்தது. 2025 ஜனவரி முதல் அது சனி, ஞாயிறு என்று மாறியது. சிங்கப்பூர் வாடிக்கையாளர்களுக்காக ஜேபி தொழிற்சாலை முன்பிருந்தே சனி, ஞாயிறுதான். லாபிஸ் மட்டும் ஜனவரியில் மாறியது. வாசுகி டிசம்பரிலேயே சொல்லியிருந்தாள். ‘பாத்துக்கிறேன்க்கா’ என்று லோஷினியும் பதில் போட்டிருந்தாள். பிறகு மறந்துபோனாள். மூன்றாவது அட்டவணையில் லாபிஸின் ஓய்வு நாள் இன்னும் வெள்ளி, சனி என்றே கிடந்தது. அதனால் அவர்கள் உழைத்த வெள்ளிக்கிழமைகளை மெஷர் எண்ணவில்லை. ஓய்வெடுத்த ஞாயிற்றுக்கிழமைகளை வராத நாளாக எண்ணியது. ஐந்தில் நான்கு. எண்பது.

ஆள் தவறாமல் எல்லாருக்கும் ஒரே அளவு விழுந்திருக்கிறதே, ஒரு ஊரே அளந்துவைத்த மாதிரி சோம்பேறியாகுமா என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். ஜேபி சிவப்பாகியிருந்தால் யோசித்திருப்பாள். அட்டவணையைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருப்பாள். லாபிஸ் என்றதும் நம்பிவிட்டாள்.

ஓய்வு நாளை மாற்றினாள். லாபிஸ் தொண்ணூற்றெட்டுக்கு ஏறிப் பச்சையானது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் எல்லாம் கூடவே பச்சையாயின. பழைய எண் இருந்த சுவடே இல்லை. அந்தச் சுத்தம் அவளுக்கு, தன் தவறும் தெரியாமல் போகட்டுமே என்ற ஆசையைக் காட்டியது.

மறுநாள் காலை குணாளனின் அறையில் நின்றுகொண்டு சொன்னாள்: “சார், லாபிஸ் நம்பர் தப்பு. தொண்ணூத்தெட்டு வரணும். அங்க கார்டு மெஷின்ல ஏதோ பிரச்சினை.”

குணாளன் நாற்காலியில் சாய்ந்தார். “பாத்தீங்களா? ஒரு மெஷினைக்கூட ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல அவங்களுக்கு. நீங்க அன்னிக்குச் சொன்னது சரிதான்.”

லோஷினி கதவுவரை போய்விட்டாள். கைப்பிடியைப் பிடித்தவள் திரும்பினாள்.

“சார், மெஷின்ல ஒண்ணும் இல்ல. லாபிஸுக்கு ஜனவரியில லீவு நாள் மாறிச்சு. நான் அறிக்கையில மாத்தல. வாசுகி அக்கா சொல்லியும் மறந்துட்டேன். அவங்க ஆளுங்க ஒழுங்காத்தான் வந்திருக்காங்க. நம்மளைவிட ஒரு விழுக்காடு அதிகமாவே.”

குணாளன் அவளையே பார்த்தார். “அப்போ அந்தக் கல்யாணம், மழை?”

“அது நானா சொன்னது சார்.”

“ஏன்?”

தரைவிரிப்பில் தேய்ந்திருந்த ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர், “தீபன் பேரை நான் குடுக்கப்போறதில்ல. நீங்க போங்க,” என்றார். குரலில் கடுமை இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று அவளுக்குப் பட்டது.

மதியம் வாசுகியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். கூட்டத்தில் தான் சொன்னதையும், மேசை சிரித்ததையும் சொன்னாள்.

“நீயா சொன்ன?” என்றாள் வாசுகி.

“ஆமாக்கா.”

“உங்கப்பா மழைல வெட்டுவாரு.”

“தெரியும்க்கா.”

“நான் கமலநாதன் அண்ணன்கிட்ட போய் என்னான்னு சொல்றது, லோஷினி? எல்லாரு முன்னாலயும் ஏசிட்டேனே.”

“நான் வரேன்க்கா. எல்லாரு முன்னாலயும் நானே சொல்றேன். இந்த ஞாயித்துக்கிழமை வரவா?”

“ஞாயித்துக்கிழமை வந்து யாருகிட்ட சொல்லப் போற? கேட்ல பூட்டுதான் தொங்கும்,” என்றாள் வாசுகி. “வெள்ளிக்கிழமை வா. எல்லாரும் இருப்பாங்க.”

லோஷினி போனை வைத்தாள். வெள்ளிக்கிழமைக்கு விடுப்பு எழுதினாள். காரணம் கேட்ட இடத்தில் ‘சொந்த வேலை’ என்று அடித்தாள். பிறகு அதை அழித்துவிட்டு, ‘லாபிஸ் போகிறேன்’ என்று போட்டு அனுப்பினாள்.