வெல்வெட் வாரம்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு டிவியில் தையல் போட்டி. ஆறரைக்கே தையல்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்து, கை கால் கழுவி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். மனைவி கட்டில் ஓரத்தில். நடுவே ஒரு ஸ்டூல், அதில் இரண்டு டீ. வாரம் முழுக்க அந்த வீட்டில் பேச்சு என்பது ‘சாப்பிட வாங்க’, ‘விளக்கை அணை’ என்ற அளவில்தான். ஞாயிறு ஏழு மணி அடித்தால் போதும், இருவருக்கும் வாய் வந்துவிடும்.

ஏனென்றால் ஏழாம் மேசையில் அவர்கள் மகள் தைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவளுக்குப் பொடிசு என்று பெயர். இருபத்தாறு வயதிலும் அந்தப் பெயர் போகவில்லை. போட்டிக்கென்று போய் நாற்பது நாள் இருந்துவிட்டு வந்தாள். யார் ஜெயித்தார்கள், யார் எந்த வாரம் வெளியே போனார்கள் என்று மூச்சு விடக்கூடாதென்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். தோற்றவர்களையும் கடைசி நாள்வரை அங்கேயே தங்கவைத்ததால், திரும்பி வந்த தேதியை வைத்தும் எதையும் ஊகிக்க முடியாது. அம்மாக்காரி எப்படியெல்லாமோ வாயைக் கிளறிப் பார்த்தாள். “டிவில வரும்போது பாத்துக்கோம்மா” என்று சிரித்தாள் பொடிசு. வந்த மூன்றாம் வாரம் காய்ச்சல் என்று படுத்தாள். ஆறாம் நாள் மருத்துவமனையில் கண்ணை மூடிவிட்டாள். நிகழ்ச்சி ஒளிபரப்பாக அப்போது இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

டிவிக்காரர்கள் ஃபோன் செய்து, போடலாமா என்று கேட்டார்கள். தையல்காரர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். மனைவி ஃபோனைப் பிடுங்கி, “போடுங்க. ஒரு நிமிஷம்கூட வெட்டாம போடுங்க” என்றாள்.

ஆறு வாரம் ஓடிவிட்டது. பன்னிரண்டு மேசை ஆறாகக் குறைந்திருந்தது. ஒவ்வொரு வாரமும் முடிவு சொல்லும் நேரத்தில் மனைவி தலையணையை மடியில் வைத்து இறுக்கிக்கொள்வாள். மகள் பரிசு வாங்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் இல்லை. தங்கினால் இன்னொரு ஞாயிறு உண்டு. வெளியே அனுப்பிவிட்டால் பிறகு ஒன்றுமில்லை. இதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

சொல்லாததையெல்லாம் சேர்த்துச் சண்டையாகப் போட்டார்கள். தையல்காரர் முப்பது வருஷம் ஊசியோடு புழங்கியவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை பார்ப்பார். சொந்த மகள் என்ற சலுகையெல்லாம் கிடையாது.

“கழுத்துப் பட்டையப் பாரு, சுருங்கி நிக்குது. அயர்ன் போடாமலே மேல தையல ஓட்டிட்டா.”

“உங்க கடைச் சட்டையெல்லாம் ரொம்ப நிமிர்ந்து நிக்குதாக்கும்! நான் எட்டு மார்க் போடுறேன்.”

“எட்டா? ஆறே அதிகம்.”

“பெத்த பொண்ணுக்கு ஆறு போடுற மனுஷன இந்த வீட்டுலதான் பாக்கலாம்.”

கறுப்புக் கண்ணாடி போட்ட நடுவர் விஷயத்தில் மட்டும் இருவரும் ஒரே கட்சி. “இவனுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியுமான்னு மொதல்ல கேளு” என்பார் இவர். “கேக்கத்தான் வேணும்” என்பாள் அவள். பக்கத்து வீட்டில் காது கொடுத்துக் கேட்டவர்களுக்குப் பொடிசு அந்த அறையிலேயே உட்கார்ந்து தைக்கிறாள் என்றுதான் தோன்றியிருக்கும்.

ஏழாம் வாரம் பச்சை வெல்வெட் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரே அளவு, அதுவும் போதுமா போதாதா என்கிற அளவு. அதில் முழுக்கைக் கோட்டு தைக்க வேண்டும்.

வெல்வெட்டுக்கு ஒரு போக்கு உண்டு. மேலிருந்து கீழே தடவினால் வழுவழுவென்று படியும், கீழிருந்து மேலே தடவினால் சிலிர்த்துக்கொள்ளும். எல்லாத் துண்டுகளையும் ஒரே போக்கில் வெட்ட வேண்டும். ஒன்று தலைகீழாகப் போனாலும் விளக்கு வெளிச்சத்தில் அது மட்டும் வேறு நிறமாக நிற்கும். மேசையில் விரித்திருக்கும்போது அந்த வித்தியாசம் லேசில் தெரியாது.

பொடிசு துணியை விரித்து, காகிதத்தில் வெட்டிய அளவுகளை மேலே அடுக்கினாள். இடது முன்பக்கத்துக்கு மட்டும் இடம் பற்றவில்லை. காகிதத்தை அப்படியும் இப்படியும் நகர்த்திப் பார்த்தாள். பிறகு அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. தனக்குத்தானே சிரித்துக்கொண்டு கத்தரியை எடுத்தாள்.

தையல்காரர் நாற்காலி நுனிக்கு வந்தார். ‘திருப்பாதடி’ என்று தொண்டைவரை வந்தது. அதற்குள் கத்தரி ஓடிவிட்டது. மீதித் துணி ஒரு கைக்குட்டைக்குக்கூடக் காணாது. இதைவிடச் சின்னத் தப்புக்கெல்லாம் ஆட்களை அனுப்பியிருக்கிறார்கள். பொடிசு இன்றோடு வெளியே. அது அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

சொல்லலாமா? மணி ஏழு இருபது. எட்டரைக்குத்தான் முடிவு சொல்வார்கள். அதுவரைக்குமாவது இவள் நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தார் மனுஷர். நல்ல எண்ணம்தான், யார் குறை சொல்ல முடியும்?

“எத்தன மார்க்?” என்றாள் மனைவி.

“தைக்கட்டும், பாக்கலாம்.”

“என்ன இன்னிக்கு வாய் அடங்கிக் கெடக்கு? ஒரு குறையும் இல்லையா?”

“இல்ல. நல்லா வெட்டியிருக்கா.”

அவளுக்கு வாயெல்லாம் பல். ஆறு வாரத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து விழுந்த முதல் நல்ல வார்த்தை. “அப்ப இந்த வாரம் தப்பிச்சுட்டா! நீங்களே சொல்லிட்டீங்க, இனிமே எவன் என்ன சொல்ல முடியும்?”

அந்தத் தைரியத்தில் எழுந்தாள். மற்ற வாரங்களில் தண்ணீர் குடிக்கக்கூட எழ மாட்டாள். வெளியே தூறல் போட ஆரம்பித்திருந்தது, மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. “ஓடிப் போய் எடுத்துட்டு வந்துடறேன். எப்படியும் இப்ப விளம்பரம்தான் போடுவான்.”

துணி கிடக்கட்டும், உட்கார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். “ம், போ” என்றார்.

விளம்பரம் போடவில்லை. பொடிசையே காட்டிக்கொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மெஷினை மிதித்தாள். நெற்றியில் விழுந்த முடியை முழங்கையால் ஒதுக்கினாள். பக்கத்து மேசைக்காரிக்கு மெஷினுக்கு அடியில் நூல் சுற்றிய பாபின் சிக்கிக்கொண்டபோது, தன் வேலையை விட்டுவிட்டுப் போய் எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் காதில் ஏதோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள், விக்கலே வந்துவிட்டது. தையல்காரர் வாசலைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், மறுபடியும் வாசலைப் பார்த்தார்.

மனைவி ஒரு சுமை துணியோடு வந்து மடிக்க உட்கார்ந்தாள். “அடுத்த வாரம் சின்னப் பிள்ளைங்க உடுப்பாம். அதுல இவ வெளுத்து வாங்கிடுவா, பாருங்க.”

“மடிக்கிறத அப்புறம் மடி. அவளப் பாரு.”

“பாத்துக்கிட்டுதான இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே ஒரு சட்டையை உதறினாள்.

எட்டரைக்கு ஆறு கோட்டுகளையும் பொம்மைகளுக்குப் போட்டுப் பெரிய விளக்கின் கீழ் நிறுத்தினார்கள். பொடிசு தைத்த கோட்டின் இடது பக்கம் மட்டும் நனைந்ததுபோல் கறுத்து நின்றது. மனைவியின் கை மடிப்பிலேயே நின்றுவிட்டது.

“ஏங்க, அது ஏன் ஒரு பக்கம் மட்டும் அப்படி இருக்கு?”

கறுப்புக் கண்ணாடிக்காரர் கோட்டை மேலும் கீழும் தடவிப் பார்த்து, தவறு என்ன என்று மெதுவாக, மரியாதையாகச் சொன்னார். சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாமல் போயிற்று தையல்காரருக்கு.

கடைசியாக ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று பொடிசிடம் மைக்கைக் கொடுத்தார்கள். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

“எங்கப்பா டெய்லருங்க. இது டிவில வர்றப்ப, நான் பேப்பரத் திருப்பி வெச்ச உடனே கத்துவாரு. எங்கம்மா அவரத் திட்டுவாங்க. அன்னிக்கு நான் ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்து வாங்கிக் கட்டிக்கப் போறேன்.”

கையை ஆட்டிவிட்டுக் கதவைத் தாண்டிப் போனாள். விளம்பரம் வந்தது. மனைவி டிவியை அணைத்தாள்.

“பேப்பரத் திருப்பினப்பவே தெரியுமா உங்களுக்கு?”

ஆமென்று தலையை ஆட்டினார்.

“நல்லா வெட்டியிருக்கான்னு சொன்னீங்களே.”

“நீ கொஞ்ச நேரம் நிம்மதியா இருக்கட்டும்னு…”

“நான் மாடிக்குப் போனேங்க” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். “உக்காந்து துணி மடிச்சேன்.”

“மறுபடியும் போடுவாங்க. ஃபோன்லயும் வரும். எப்ப வேணும்னாலும் பாக்கலாம்.”

“பாக்கலாம். நூறு தடவ பாக்கலாம். இனிமே அவ என்ன பண்ணப் போறான்னு எனக்குத் தெரியுமே. தெரியாம இருந்தவரைக்கும் அவ இருந்தா.”

அவருக்கு அழுகை வந்துவிட்டது. மருத்துவமனையில் அழாதவர், அன்றைக்கு முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். மனைவி அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கட்டிலிலிருந்து இறங்கி அவர் காலடியில் வந்து உட்கார்ந்தாள்.

“நான் மேல போயிருந்தப்ப என்ன பண்ணா? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“செருப்பக் கழட்டிட்டு மிதிச்சா. பக்கத்துப் பொண்ணுக்குப் பாபின் எடுத்துக் கொடுத்தா. அது என்னமோ சொல்லுச்சு, சிரிச்சா.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “ரொம்பச் சிரிச்சு விக்கல் வந்துடுச்சு அவளுக்கு.”

“தண்ணி குடிச்சாளா?”

அவர் யோசித்துப் பார்த்தார். அதற்குள் வேறு மேசையைக் காட்டிவிட்டார்கள்.