நாலு விரல் வால்

எங்கள் ஊரில் ஒரு புது கேம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடுமா என்று பார்க்க முதலில் ஒரு குதிரையை அனுப்புவார்கள். கார் ஓட்டுகிற கேம் என்றாலும் குதிரைதான், சீட்டாட்டம் என்றாலும் குதிரைதான். முழுக் குதிரையும் கம்ப்யூட்டருக்குள் போய், திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை நிற்காமல் நடக்க வேண்டும். நடந்துவிட்டால் கேம் ஓடும். காலோ வாலோ வெளியே நின்றால் ஓடாது. மூன்று நாள் தவணை. அதற்குப் பிறகு குதிரை அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

எங்கள் வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் குட்டியானை என்கிற சின்ன லாரியில் குதிரை வந்தது. செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளைச் சுழி. கூடவே சோதனை பார்க்கிறவர் தேவசகாயம் வந்தார். நாகர்கோவில்காரர். கையில் டேப், கக்கத்தில் விதிப் புத்தகம். என் கம்ப்யூட்டரைப் பார்த்ததும், இது பதினோரு வருசத்து மிஷின் ஆச்சே அம்மா, எதற்கு வீண் அலைச்சல் என்றார். குதிரையை இறக்குங்கள் சார், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

எனக்கு விளையாட்டில் ஆசை கிடையாது. நாற்பத்தொரு வயதில் சங்கரவடிவு குதிரை ஏறப் போகிறாளாக்கும் என்று தெருவில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எனக்கு என் அண்ணன் பலவேசத்திடம் பேச வேண்டும். அவன் மஸ்கட்டில் இருக்கிறான். ஆறு வருசமாக என் போனை எடுப்பதில்லை. என் வீட்டுக்காரரிடம் மட்டும் ஒரு தடவை சொன்னானாம், அவள் பேசுவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை திறக்கிற புது கேமுக்குள் வந்து பேசட்டும் என்று. அண்ணன் எப்போதும் அப்படித்தான். கோபத்திலும் ஒரு வாசலைத் திறந்து வைப்பான், அந்த வாசல் எங்கேயாவது எட்டாத இடத்தில் இருக்கும்.

சண்டை என் தொழிலால் வந்தது. நான் ஃபிளெக்ஸ் போர்டு டிசைன் செய்கிறவள். சங்கரன்கோவிலில் பாதிக் கல்யாணமும் முக்கால்வாசிச் சாவும் என் கை பட்டுத்தான் தெருவுக்கு வரும். என் மகள் நிவேதிகாவுக்கு மூன்று வயதில் காதுகுத்து வைத்தோம். மண்டப வாசலில் நிற்கிற போர்டை நானே செய்தேன். தாய்மாமன் படம் முதல் வரிசையில், நடுவில், ஆள் உயரத்துக்கு இருக்க வேண்டும். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் அண்ணன் அனுப்பியது போனில் எடுத்த சின்னப் படம். பெருசாக்கினால் உடைந்து கட்டம் கட்டமாகத் தெரியும். உடைந்த படத்தை நான் எந்த வாடிக்கைக்காரருக்கும் வைத்ததில்லை. அண்ணனுக்கா வைப்பேன்? இரண்டாவது வரிசையில், ஒரு வட்டத்துக்குள், சின்னதாக, தெளிவாக வைத்தேன். அவன் இருபத்தொரு சீர்த்தட்டோடு வேனில் வந்து இறங்கினான். போர்டைப் பார்த்தான். தட்டுகளைத் திரும்ப வேனில் ஏற்றிவிட்டுப் போய்விட்டான்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் நான் உட்காருகிறேன் என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். முடியாது என்றுவிட்டேன். சாப்பாடு நடந்தது, குத்து நடக்கவில்லை. நிவேதிகாவுக்கு இப்போது ஒன்பது வயது. தினமும் பள்ளிக்கூடம் போகும்முன் கண்ணாடி முன்னால் நின்று பேனாவால் இரண்டு காதிலும் ஒரு புள்ளி வைத்துக்கொள்வாள்.

செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைத் திருகி எடுத்தோம். குதிரை தலை குனிந்து, முன்னங்காலை எடுத்து வைத்து, வயிறு வரைக்கும் போனது. அதற்குமேல் போகவில்லை. தேவசகாயம் வெளியே நின்ற பாகத்தை அளந்து, உள்ளே ஆள் நெருக்கம் அதிகம் என்றார். அது எனக்கே தெரியும். பதினோரு வருசமாக நான் போர்டில் வைத்த அத்தனை பேரும் அதற்குள்தான் இருந்தார்கள். கல்யாண வீட்டுச் சித்தப்பாக்கள், பூப்புனித நீராட்டு அத்தைகள், கறுப்புக் கண்ணாடி போட்ட மச்சான்கள், சிவனடி சேர்ந்தவர்கள். தொழிலுக்கு வேண்டும் என்று ஒருத்தரைக்கூட நான் அழித்ததில்லை.

குதிரையைப் பின்னால் இழுத்து வாசல் கேட்டில் கட்டிவிட்டு, சி.டி. தட்டைத் திறந்து அவர்களை இறங்கச் சொன்னேன். ஒவ்வொருவராக இறங்கினார்கள். யாரும் கும்பிட்ட கையை எடுக்கவில்லை. வட்டத்துக்குள் இருந்தவர்கள் வட்டத்தோடு வந்தார்கள். என் வீட்டுக்காரர் குத்தாலிங்கம் நிதானமான மனிதர். பக்கத்து மண்டபத்திலிருந்து ஜமுக்காளம் வாங்கி வந்து கூடத்தில் விரித்தார். போர்டில் எந்த வரிசையோ அதே வரிசையில் உட்கார்ந்தார்கள், ஆள் மாறி உட்காரவில்லை. காலமானவர்கள் டீ வேண்டாம் என்றதால் அவர்களை மட்டும் மொட்டை மாடிக்கு அனுப்பினோம். வெயில் அவர்களை ஒன்றும் செய்யாது.

புதன்கிழமை குதிரை மறுபடி நுழைந்தது. இந்தத் தடவை வயிறு போனது, பின்னங்கால் போனது, வால் மட்டும் முழுசாக வெளியே தொங்கியது. திரையில் பார்த்தால் குதிரை இடது ஓரத்தில் நின்றுகொண்டு பின்னால் பின்னால் திரும்பிப் பார்த்தது. குத்தாலிங்கம் வாலைக் கொஞ்சம் கத்தரித்துவிடலாமா என்று கேட்டார். தாராளமாகச் செய்யலாம், ஆனால் அப்புறம் கேமுக்குள் காற்று அடிக்காது என்றார் தேவசகாயம். காற்றில்லாத இடத்தில் அண்ணனை எப்படி நிற்க வைப்பது? வேண்டாம் என்றேன்.

தேவசகாயம் கம்ப்யூட்டருக்குள் எட்டிப் பார்த்தார். இன்னும் ஒரே ஒரு போர்டு உள்ளே இருக்கிறதே, அதை அழித்தால் தாராளமாக இடம் வந்துவிடும் என்றார். அது நிவேதிகாவின் காதுகுத்து போர்டு. அதில் இருந்தவர்கள்கூட இறங்கிவிட்டார்கள், அண்ணன் ஒருத்தன் மட்டும் இறங்கவில்லை. நான் இரண்டு தடவை சி.டி. தட்டைத் திறந்து கூப்பிட்டேன். வட்டத்துக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். அதை அழிக்க மாட்டேன் சார், வேறு வழி சொல்லுங்கள் என்றேன். வேறு வழி இல்லை என்றார். இல்லையென்றால் உண்டாக்குவோம் என்றேன்.

உள்ளே இருந்த தூசியை எல்லாம் தட்டி எடுத்தேன். விசிறியைக் கழற்றித் துடைத்தேன். குதிரைக்கு அன்று கொள்ளுத் தீனியைப் பாதியாகக் குறைத்தேன். பாவம்தான், ஆனால் எனக்கு வேறு யோசனை ஓடவில்லை. சாயங்காலம் நிவேதிகா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வாலைப் பார்த்தாள். தேங்காய் எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, இறுக்கிப் பின்னி, நுனியில் தன்னுடைய சிவப்பு ரிப்பனைக் கட்டினாள். பின்னிய வால் சுருங்கி உள்ளே போனது. கடைசியில் ரிப்பனும் அதற்குமேல் கொஞ்சமும் வெளியே நின்றுவிட்டது. தேவசகாயம் டேப்பை எடுக்கவில்லை. விரலை வைத்துப் பார்த்து, நாலு விரல் என்று எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை மதியம் வரை அந்த நாலு விரலோடு நான் மல்லுக்கு நின்றேன். வண்டி நாலு மணிக்கு வந்துவிடும். அடுத்த வீட்டிலிருந்து குதிரை எப்போது வரும் என்று இரண்டு தடவை ஆள் வந்து கேட்டுவிட்டுப் போனது. தேவசகாயம் மூன்று நாளாக எங்கள் வீட்டில் சாப்பிட்ட மனிதர், அவருக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. விதிப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தார். புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் விரலை வைத்தார். இடம் போதாத கம்ப்யூட்டரை உடன்பிறந்தவருடைய கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கணக்கிடலாம், அதற்கு உடன்பிறந்தவர் தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

"அவன்கிட்ட பேசத்தான சார் இந்தக் கேமே" என்றேன்.

விதி அப்படித்தான் இருக்கிறது அம்மா என்றார். பிறகு தன்னுடைய போனை எடுத்து என் கையில் கொடுத்தார். அண்ணன் எடுக்காதது என் நம்பரைத்தான், தேவசகாயத்தின் நம்பரை இல்லை. ஆறு வருசமாக ஒத்திகை பார்த்த பேச்சில் ஒரு வார்த்தைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. இருந்தாலும் அண்ணன் நம்பரைப் போட்டேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான். "குதிரை ஆபீசுங்களா? காலையிலேருந்து பார்க்கேன் சார். இங்க பின்பக்கமா விட்டதுல குதிரைக்கு உடம்பெல்லாம் போயிட்டு. காது ரெண்டும்தான் வெளிய நிக்கி."

"அண்ணே, நான் வடிவு. எனக்கு வால் போகலண்ணே."

வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"எவ்வளவு நிக்கி?"

"நாலு விரல்."

அவன் கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரே ஒரு படம்தான் மிச்சம் இருக்கிறதாம். காதுகுத்து அன்றைக்கு வேனில் ஏறுவதற்கு முன் அந்தப் போர்டைப் போனில் பிடித்து வைத்திருக்கிறான். அதை அழித்தால் காது உள்ளே போய்விடும் என்று அங்கே வந்த ஆள் சொன்னாராம். பிள்ளை முகம் அதில்தானே இருக்கிறது, முடியாது என்று சொல்லிவிட்டானாம். அதைக் கேட்டதும் நான் அழுதுவிட்டேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த ஆட்கள் எல்லாம் மரியாதையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

"உன் படம் சின்னப் படம் அண்ணே. பெருசாக்கியிருந்தா உடைஞ்சிருக்கும். அதான் அப்படி வச்சேன்."

"உடைஞ்சா உடையட்டும்னு வைக்க வேண்டியதுதானட்டி" என்றான். "நான் என்ன ஃபோட்டோவா?"

தப்புதான் அண்ணே என்றேன். அதற்கப்புறம் அவனும் மூக்கை உறிஞ்சினான். தேவசகாயம் போனை வாங்கி, சம்மதத்தை ஒரு தடவை தெளிவாகச் சொல்லும்படி கேட்டார். அண்ணன் சம்மதம் என்று சொன்னான். ஒரே குடும்பம் என்றால் இரண்டு வீட்டுக்கும் ஒரு குதிரை போதும். மஸ்கட்டில் நின்ற குதிரையை வெளியே இழுத்து வேறு வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள்.

எங்கள் குதிரை மூன்றாம் தடவையாக உள்ளே போனது. தலை போய், வயிறு போய், பின்னல் போய், கடைசியில் சிவப்பு ரிப்பனும் போனது. நான் தகட்டை மூடித் திருகினேன். குதிரை திரையின் இடது ஓரத்திலிருந்து நடந்து, நடுவுக்கு வந்து, வலது ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் போனில், "இங்க வந்துட்டு" என்றான். தேவசகாயம் ஓடும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வீட்டுக்கு வேறு குதிரை ஏற்பாடு செய்கிறேன், இது இனி உங்கள் கேமில்தான் இருக்கும் என்றார்.

போனை வைப்பதற்கு முன் கேட்டுவிட வேண்டும் என்று கேட்டுவிட்டேன். பிள்ளைக்கு இன்னும் காது குத்தவில்லை, நீ வர வேண்டும் என்றேன். ஊருக்கு வர அவனுக்குப் பங்குனி வரைக்கும் லீவு கிடையாதாம். கொஞ்சம் யோசித்தான். நாளைக்கு வெள்ளிக்கிழமை, இங்கே வார விடுமுறை, எனக்கு ரூமில் படுத்துக்கிடப்பதுதான் வேலை, அதனால் மடி சும்மாதான் இருக்கும், குதிரையில் அனுப்பி வைக்கிறேன் என்றான். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் வந்துவிட வேண்டும் என்றேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் காது குத்துகிற ஆசாரி வந்துவிட்டார். கூடத்தில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து, முதல் வரிசையில் நடு இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். மாடியில் இருந்தவர்களும் படியில் இறங்கி நின்றார்கள். ஒன்பதே காலுக்குக் குதிரை வலது ஓரத்தில் தலையைக் காட்டியது. நடுவுக்கு வந்து நின்றது. முதுகில் இருபத்தொரு சீர்த்தட்டு, பூ வாடவில்லை. அவற்றின் நடுவில், பட்டு வேட்டி கட்டிய அண்ணனின் மடி மட்டும்.

பக்கத் தகட்டைத் திறந்து தட்டுகளை வரிசையாக இறக்கி வைத்துவிட்டு, மடியை நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் காலி இடத்தில் வைத்தோம். ஆள் உயரத்துக்குத் தகுந்த மடி, நல்ல கனம். நிவேதிகா ஈரத்துணியால் காதில் இருந்த பேனாப் புள்ளிகளைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சூடாக இருக்கிறது என்றாள். ஆசாரி எந்தக் காது முதலில் என்று கேட்டார். மடி வலது பக்கமாகச் சற்றுத் திரும்பிக் கொடுத்தது. ஊசி பட்டதும் பிள்ளை வீலென்று அழுதாள். மடி அவளை மெல்ல மெல்ல ஆட்ட ஆரம்பித்தது.