நாலாம் பக்கத்தில் விழுந்தவன்

ஹாலிஸ் பிரெண்டர் என்ற இயக்குநர், கிளீட் சாலி என்ற ஸ்டண்ட்காரனுக்குத் தர வேண்டியிருந்த பணம் இருநூற்றுப் பன்னிரண்டு டாலர். சீட்டில் தோற்ற பணம். கொடுப்பதற்குள் கிளீட் செத்துப் போனான். அப்புறம் முப்பத்தாறு வருஷம் அந்தத் தொகை ஒரே ஒருவன் தலைக்குள் கிடந்தது. கிளீட்டின் அண்ணன் ஆர்வில். ஸ்டுடியோக்களில் அரங்கு கட்டும் தச்சு வேலை பார்த்தவன். அறுபத்தாறு வயதில் முழங்கால் இரண்டும் தேய்ந்து, பர்பேங்கில் ஒற்றை அறை வீட்டில் இருந்தான்.

அவனை வாஹானின் கடைக்குக் கொண்டுவந்து சேர்த்தது ஒரு சரிந்த அலமாரி. வாஹான் மக்னோலியா தெருவில் லேசர் டிஸ்க் விற்பவன். சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய பளபளத் தட்டுகள்; ஒரு படத்துக்கு இரண்டு மூன்று தட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் படம் ஓடும். நிமிர்த்தி அடுக்கினால் பாரம், சாய்த்து வைத்தால் வளைவு. கடையில் வாங்கிய அலமாரி தாங்கவில்லை. ஆர்வில் நல்ல பைன் பலகையில் ஆறு அலமாரி அடித்துக் கொடுத்தான். கூலியில் பாதியைத் தட்டாகவே தருவதாக வாஹான் சொன்னான்.

"எந்தப் படம் வேணும் பெருசு?"

"நான் ஆணி அடிச்ச படமெல்லாம் வேணும்."

அந்தத் தட்டுகளில் ஒரு விசேஷம் இருந்தது. படத்தின் சத்தம் ஒரு தடத்தில் ஓட, படம் எடுத்தவர்கள் உட்கார்ந்து பேசியது இன்னொரு தடத்தில் ஓடும். இந்தக் காட்சியை எப்படி எடுத்தோம், அன்று என்ன மழை, யார் யாரோடு சண்டை, எல்லாம். ஆர்வில் எழுத்துக் கற்றதே ஐம்பத்தெட்டு வயதில், நூலகத்தின் பின்னறையில். அச்செழுத்தை விரல் வைத்துப் படிப்பான். கையால் சேர்த்து எழுதியதைப் பார்த்தால் சிக்கின நூல்கண்டு மாதிரி இருக்கும் அவனுக்கு. சினிமாவைப் பற்றிய தடித்தடிப் புத்தகங்கள் அவனுக்கு எட்டாது. தட்டு பேசியது, அவன் கேட்டான். மூன்று வருஷத்தில் அறுபத்திரண்டு படம் சேர்த்தான். வெளிச்சம் போட்டவரைச் சொன்னார்கள், குதிரையின் பெயரைக்கூடச் சொன்னார்கள். ஒரு தட்டிலும் ஒரு தச்சன் பெயர் வரவில்லை. அதை அவன் எதிர்பார்க்கவும் இல்லை.

ஒரு படத்தை மட்டும் அவன் கேட்கவில்லை. 'உப்புக் கணவாய்.' பிரெண்டரின் பெரிய படம். கிளீட் செத்த படம்.

சனிக்கிழமை மத்தியானம் சேகரிப்புக்காரர்கள் கடைக்குக் கூடுவார்கள். ஒருவர் பல் வைத்தியர், இரண்டு பேர் பள்ளிக்கூட வாத்தியார், இன்னும் நாலைந்து பேர். நிறுத்தும் பொத்தானை அழுத்திப் படத்தைக் கட்டம் கட்டமாக நகர்த்துவது அவர்களுக்கு விளையாட்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் உண்டு. தப்பு இருக்கிற கட்டத்தின் எண்ணை மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். அன்றைக்கு ஆர்வில் ஏணிமேல் நின்று ஏழாவது அலமாரியைச் சுவரில் முடுக்கிக்கொண்டிருந்தான்.

"'உப்புக் கணவாய்' நாலாம் பக்கத்தப் போடு வாஹான். கடிகாரத்தக் காட்டு" என்றார் பல் வைத்தியர்.

"எத்தன தடவதான்யா பாப்பீங்க? பொண்டாட்டி மொகத்தக்கூட இப்படி நிறுத்தி நிறுத்திப் பாத்திருக்க மாட்டீங்க."

"பொண்டாட்டிக்கு நம்பர் போடலியே."

சிரித்தார்கள். மணிக்கூண்டிலிருந்து ஒரு கொள்ளைக்காரன் விழுந்தான். வாஹான் நிறுத்தினான். ஒரு கட்டம். இன்னொரு கட்டம். சட்டைக் கை மேலேற, மணிக்கட்டில் கைக்கடிகாரம் மின்னியது.

"கதை நடக்கிற வருஷம் ஆயிரத்து எண்ணூத்தி எழுவது. இவரு என்னடான்னா மணி பாத்துக்கிட்டே விழறாரு!"

ஏணிமேல் ஆர்வில் திருப்புளியை இறுகப் பிடித்துக்கொண்டான். அது ஆர்விலின் கடிகாரம். அதிகாலை எழுந்திருக்க வேண்டும் என்று கிளீட் முதல்நாள் அவனிடம் இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டது.  ஆர்வில் இறங்கிவந்து, அந்த வாரக் கூலிக்கு அந்தப் படத்தின் தட்டுப் பெட்டியைக் கேட்டு வாங்கிப் போனான்.

வீட்டில் இருந்தது தொண்ணூறு டாலருக்கு வாங்கிய பழைய கருவி. தடத்தைப் பிரிக்கிற பொத்தான் அதில் வேலை செய்யாது. ஹெட்போன் மாட்டினால் இடது காதில் படமும் வலது காதில் பேச்சும் ஒன்றாக வரும். நாலாம் பக்கம். இடது காதில் குதிரை, துப்பாக்கி, காற்று. வலது காதில் பிரெண்டர்:

"பாவம், ராத்திரி பூரா குடிச்சிருந்தான் அந்தப் பையன். வேணாம்னேன். கேக்கல. ஏறிக் குதிச்சுட்டான். ஆனா பாருங்க, எப்பேர்ப்பட்ட ஷாட்!"

இடது காதில் கிளீட் கத்தினான். வேறு ஆளை வைத்துச் சேர்த்த சத்தம் இல்லை அது. அந்தக் குரலை ஆர்வில் தொட்டிலிலிருந்து கேட்டவன்.

மறுபடி போட்டான். விழுந்து முடிய நாற்பத்தேழு கட்டம்.

கிளீட் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. அப்பன் குடித்தே செத்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. அந்த ராத்திரி கூடாரத்தில் சீட்டாட்டம். குடித்தது பிரெண்டர், தோற்றதும் பிரெண்டர். காலையில் கிளீட் பணத்தைக் கேட்டபோது, "இன்னும் ஒரு தடவ குதி, ரெண்டு மடங்காத் தரேன்" என்றான். பிறகு ஆர்விலிடம் திரும்பினான். "மேடைய எட்டடி தூக்கு." விழுகிறவனைத் தாங்கக் கீழே அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் முப்பத்திரண்டு அடிக்குக் கணக்குப் போட்டவை. "பெட்டி பத்தாதே சார்" என்றான் ஆர்வில். "வெயில் போயிரும். ஆணியை அடி." ஆர்வில் அடித்தான். கை வேகம் அவனுக்கு எப்போதுமே அதிகம். இருபத்தைந்து நிமிஷத்தில் மேடை எட்டடி ஏறியது.

படம் செத்தவனுக்கும் பிழைத்தவனுக்கும் சேர்த்து ஓடியது. ஆனால் கிளீட் பெயருக்கு மேல் 'குடிகாரன்' என்ற சொல் ஏறி, கடையில் விலைக்கு விற்கிறது என்பது ஆர்விலுக்கு இப்போதுதான் தெரிந்தது. நூற்று இருபத்தைந்து டாலர், வரி தனி.

தொண்ணூற்றெட்டு ஏப்ரலில் வாஹான் கூப்பிட்டுச் சொன்னான்.

"பெருசு, பிரெண்டர் நம்ம கடைக்கு வராரு. கையெழுத்துப் போட. சின்னத் தட்டு வருதுல்ல, டிவிடி, அதுல 'உப்புக் கணவாய்' புதுசா வருதாம். திரும்ப உக்காந்து பேசப் போறாராம்."

"திரும்பப் பேசுவாரா?"

"மொதல்லேருந்து. பழசத் தூக்கிப் போட்டுட்டு."

பிரெண்டர் வந்த அன்றைக்கு ஆர்வில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கி, வரிசையில் ஒன்றேகால் மணி நேரம் நின்றான். பிரெண்டருக்கு எண்பது வயது. கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை.

"பேரு யாருக்குப் போடணும் ஐயா?"

"கிளீட் சாலின்னு போடுங்க."

பேனா நின்றது.

"நான் அவன் அண்ணன். அரங்குல தச்சன். ஞாபகம் இருக்காது உங்களுக்கு."

"ஞாபகம் இல்லாம என்ன. பாவம், நல்ல பையன்."

"அவன் குடிக்கமாட்டான் சார். அன்னிக்கிக் குடிச்சது நீங்க. சீட்டுல இருநூத்திப் பன்னண்டு தோத்தீங்க."

பின்னால் நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். பல் வைத்தியர் கழுத்தை நீட்டினார். பிரெண்டர் ஒரு நொடி ஆர்விலைப் பார்த்தான். அப்புறம் நாற்காலியில் சாய்ந்து, கடையே அதிரச் சிரித்தான்.

"இருநூத்திப் பன்னண்டு! அடக் கடவுளே, மூணு ராணி வச்சிருந்தான் படவா! கேட்டீங்களா எல்லாரும்? முப்பத்தாறு வருஷம் கழிச்சு வசூலுக்கு வந்திருக்காரு மனுஷன்!"

கோட்டுக்குள்ளிருந்து செக் புத்தகம் வந்தது. நடுங்கும் கையால் எழுதி, கிழித்து நீட்டினான். யாரோ கைதட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள்.

"பணத்துக்கு வரல சார்" என்றான் ஆர்வில். கைதட்டலில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "புதுசுல பேசறப்ப அவன் குடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. மேடைய எட்டடி தூக்கச் சொன்னது நீங்கன்னு சொல்லுங்க. அது போதும்."

பிரெண்டரின் சிரிப்பு அடங்கியது.

"எட்டடியா? யாரு தூக்குனா?"

"நான்தான் ஆணி அடிச்சேன். நீங்க சொன்னீங்க."

"நீ அடிச்ச" என்றான் பிரெண்டர் மெல்ல. கீழே கிடந்த சில்லறையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்கிறவன் மாதிரி அதைச் சொன்னான். பிறகு ஆர்வில் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "சொல்றேன் தம்பி. கட்டாயம் சொல்றேன்."

ஆர்வில் செக்கை மாற்றவில்லை. வார்த்தை வரட்டும், அப்புறம் பணம் என்று பெட்டி அட்டைக்குள் செருகி வைத்தான். பகலில் பேருந்தில் போகும்போதுகூடச் சிரித்த முகமாக இருந்தான். கிளீட் புதைத்த இடத்துக்குப் போய், வளர்ந்திருந்த புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்தான்.

நவம்பரில் சின்னத் தட்டு வந்தது. அதற்குள் வாஹானின் கடை மாறிவிட்டது. பெரிய தட்டுகள் தரையில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தன; எது எடுத்தாலும் ஒரு டாலர். ஆர்வில் அடித்த அலமாரிகள் சின்னத் தட்டுக்கு ஆழம் அதிகம் என்று பாதியை வாஹான் பிடுங்கியிருந்தான். பல் வைத்தியர் முந்தியே வந்து உட்கார்ந்திருந்தார்.

வாஹான் காட்சியைத் தேடிப் போட்டான். மணிக்கூண்டு. அதே கடிகாரம். பிரெண்டரின் குரல்:

"பாவம், ராத்திரி பூரா குடிச்சிருந்தான். ஆனா விஷயம் அது மட்டுமில்லன்னு இந்த வருஷந்தான் எனக்கே தெரிஞ்சுது. ஒரு கடையில கையெழுத்துப் போடறப்ப ஒரு தச்சன் வந்தாரு. செத்தவனோட சொந்த அண்ணன். மேடைய எட்டடி உசத்தி ஆணி அடிச்சது நான்தான்னு அவரே வாய்விட்டுச் சொன்னாரு. பாருங்க, முப்பத்தாறு வருஷம் மனசுல வச்சிருந்திருக்காரு. நான் என்ன பண்றது? செத்தவனுக்கு ஒரு சீட்டுக்கடன் பாக்கி இருந்துது, அதக் குடுத்துக் கணக்கத் தீத்தேன்."

கிளீட் விழுந்து முடிந்தான். அடுத்த காட்சியில் கதாநாயகன் குதிரையேறினான்.

"அட, கத இன்னும் பிரமாதமாயிருச்சே!" என்றார் பல் வைத்தியர். திரும்பிப் பார்த்தவர், ஆர்வில் நிற்பதைக் கண்டு வாயை மூடிக்கொண்டார்.

"நிறுத்திரட்டுமா பெருசு?" என்றான் வாஹான்.

"ஓடட்டும். காசு குடுத்து வாங்குனதுதான."

ஆர்வில் பெட்டி அட்டையிலிருந்து சட்டைப் பைக்கு மாற்றி வைத்திருந்த செக்கை எடுத்து நீட்டினான். "இதுல மூலையில என்னமோ கிறுக்கியிருக்கு. இத்தன நாளாக் கேக்கணும்னு நெனப்பேன். படி."

வாஹான் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தான். ஒரு தடவை மனசுக்குள். அப்புறம் வாய்விட்டு. "சீட்டுக்கடன். முழுதும் தீர்ந்தது. வேறு கோரிக்கை இல்லை."

"அன்னிக்கே எழுதிட்டானா?"

"அன்னிக்கே."

மறுநாள் ஆர்வில் வங்கிக்குப் போனான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் தேதியைப் பார்த்தாள்.

"ஏழு மாசம் ஆச்சே சார். ஆறு மாசம் தாண்டுனா நாங்க வாங்க மாட்டோம். குடுத்தவர்ட்ட வேற எழுதி வாங்கிட்டு வாங்க. தருவாரா?"

"கேட்டாத் தருவாரு. கைதட்ட ஆள் இருந்தா இன்னும் சீக்கிரம் தருவாரு."

அவளுக்குப் புரியவில்லை. ஆர்வில் கவுண்டரில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த பேனாவை இழுத்தான். சங்கிலி எட்டவில்லை, செக்கைப் பேனாவிடம் கொண்டுபோனான். ஒவ்வொரு எழுத்தையும் அச்செழுத்தாக, ஆணி அடிக்கிற மாதிரி அழுத்தி, குறுக்கே 'செல்லாது' என்று எழுதினான். இருபத்தைந்து நொடிகூட ஆகவில்லை. கை வேகம் இன்னும் அப்படியேதான் இருந்தது.

"குப்பக்கூட எங்கம்மா இருக்கு?" என்று கேட்டான்.